கோதுமையை நிறுத்துவதற்கு முன் இரத்தத்தைக் கொடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பினாங்கிலும் கோலாலம்பூரிலும் முழு உடல் பரிசோதனை என்று விற்கப்படும் தொகுப்புகளில் 'அழற்சிக் குறியீடுகள்' என்ற தலைப்பில் சி.ஆர்.பி. (சி-ரியாக்டிவ் புரதம்), இ.எஸ்.ஆர். (சிவப்பணு படியும் வேகம்) ஆகிய இரண்டையும் சேர்த்து விடுகிறார்கள். தீராத வயிற்று உப்புசம், அடிக்கடி வயிற்றுப்போக்கு, காரணம் பிடிபடாத இரத்தசோகை என்று அலைகிறவர்கள் இந்த இரண்டு எண்களை வைத்தே ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். எண் சரியாக இருந்தால் குடலில் கோளாறில்லை, கொஞ்சம் ஏறியிருந்தால் கோதுமை ஒத்துக்கொள்ளவில்லை என்பது அவர்கள் கணக்கு. இரண்டுக்குமே அந்தத் தாளில் ஆதாரம் கிடையாது. குளூட்டன் என்ற கோதுமைப் புரதத்தால் நோயெதிர்ப்பு கிளம்பிச் சிறுகுடலைச் சேதப்படுத்துவதுதான் செலியாக் நோய்; அதைக் காட்டும் பரிசோதனை வேறு. அதற்கு ஒரு நிபந்தனை உண்டு: கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும் காலத்திலேயே இரத்தம் எடுக்க வேண்டும். இது தெரியாமல் முதலில் ரொட்டியையும் சப்பாத்தியையும் நிறுத்திவிட்டு, சில மாதம் கழித்துப் பரிசோதனைக்கு வருகிறவர்களுக்கு உறுதியான பதில் சொல்ல முடியாமல் போகிறது. தங்கள் நாளிதழைப் படிக்கும் குடும்பங்களில் ஒருவருக்காவது இது முன்கூட்டியே தெரிந்தால் போதும் என்றுதான் விரிவாக எழுதுகிறேன்.

முதலில், சி.ஆர்.பி. ஏன் இங்கே உதவாது என்பதைப் பார்ப்போம். சி.ஆர்.பி. கல்லீரலில் உற்பத்தியாகும் ஒரு புரதம். உடலில் நிமோனியா, சீழ்க்கட்டி, குரோன் நோய் (நீடித்த குடல் அழற்சி) போன்ற பெரிய அழற்சி இருந்தால் இண்டர்லூகின்-6 என்ற செய்தி மூலக்கூறு இரத்தத்தில் பெருகி, கல்லீரலைத் தூண்டுகிறது. சில மணி நேரத்தில் சி.ஆர்.பி. பல மடங்கு ஏறுகிறது. செலியாக் நோயில் நடப்பது வேறு வகை. கோதுமையின் கிளியாடின், பார்லியின் ஹோர்டீன், ரை தானியத்தின் செகாலின் ஆகிய குளூட்டன் வகைப் புரதங்களில் குளூட்டமின், புரோலின் என்ற அமினோ அமிலங்கள் மிகுதி என்பதால் நம் செரிமான நொதிகளால் அவற்றை முழுதாக வெட்ட முடிவதில்லை. மிஞ்சும் நீளமான துண்டுகள் சிறுகுடல் சுவருக்குள் நுழைகின்றன. அங்குள்ள டிஷ்யூ டிரான்ஸ்குளூட்டமினேஸ், சுருக்கமாக டிடிஜி, என்ற நொதி அந்தத் துண்டிலுள்ள குளூட்டமினைக் குளூட்டமிக் அமிலமாக மாற்றுகிறது. மாறிய துண்டு, டி.க்யூ.2 அல்லது டி.க்யூ.8 என்ற மரபணு வகை உள்ளவர்களின் நோயெதிர்ப்புச் செல்களில் இறுக்கமாகப் பொருந்திக்கொள்கிறது. உடனே டி செல்கள் என்ற வெள்ளணுக்கள் கிளம்பி, இண்டர்ஃபெரான் காமா என்ற அழற்சிப் பொருளைச் சுரக்கின்றன. இண்டர்லூகின்-15 தூண்டிய லிம்ஃபோசைட் வெள்ளணுக்கள் குடலின் மேல்தோல் செல்களைக் கொல்லத் தொடங்குகின்றன. குடல் விரல்கள், அதாவது சத்தை உறிஞ்சும் விரல் போன்ற நுண் நீட்சிகள், குட்டையாகி, கடைசியில் தட்டையாகின்றன.

இவ்வளவும் சிறுகுடலின் உள்தோலில், ஒரு மில்லிமீட்டரை ஒட்டிய தடிமனுக்குள் நடந்து முடிகிறது. கல்லீரலுக்குப் பெரிய செய்தி போவதில்லை. அதனால் குடல் விரல்கள் முற்றிலும் தேய்ந்துபோன ஒருவருக்குக்கூட சி.ஆர்.பி. லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குக் கீழே, அதாவது இயல்பு எல்லைக்குள், இருக்கலாம். செலியாக் என்று சந்தேகிக்கும் ஒருவருக்கு சி.ஆர்.பி. 40, 60 என்று வந்தால், அது செலியாக்கை உறுதிப்படுத்தாது. கிருமித் தொற்று, குடல் காசநோய், குரோன் நோய் என்று வேறு பக்கம் தேடச் சொல்லும். இ.எஸ்.ஆர். இன்னும் குழப்பம் தரும். இரத்தசோகை இருந்தாலே அது தானாக ஏறும். செலியாக் நோயாளிக்கு இரும்புச்சத்துக் குறைவால் ஏறிய இ.எஸ்.ஆர். எண்ணைப் பார்த்துவிட்டு 'மூட்டு அழற்சி' என்று வலி மாத்திரை எழுதப்படுவதுண்டு.

மலத்தில் பார்க்கும் கால்புரோடெக்டின் பற்றியும் ஒரு வார்த்தை. அது நியூட்ரோஃபில் வெள்ளணுக்களிலிருந்து வருவது. பெருங்குடல் அழற்சி நோய்க்கு நல்ல குறியீடு. செலியாக்கில் முன்னணியில் நிற்பவை லிம்ஃபோசைட்டுகள். ஆகவே கால்புரோடெக்டின் இயல்பாகவோ லேசாக ஏறியோ இருக்கும். அது இயல்பு என்பதற்காகச் செலியாக்கை ஒதுக்கிவிடக் கூடாது.

உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் எண்ணைப் படிப்பதிலும் கவனம் வேண்டும். இரும்புச்சத்து சிறுகுடலின் தொடக்கப் பகுதியில், செலியாக் முதலில் தாக்கும் அதே இடத்தில், உறிஞ்சப்படுகிறது. வயிற்றுக் கோளாறு எதுவுமே இல்லாமல் இரத்தசோகை மட்டும் காட்டும் செலியாக் நோயாளிகள் நிறைய. ஃபெரிட்டின் 15-க்குக் கீழே இருந்தால் இரும்புக் குறைவு என்பதில் ஐயமில்லை. ஆனால் ஃபெரிட்டினும் அழற்சியில் ஏறும் புரதம்தான். சளிக்காய்ச்சலோ வேறு தொற்றோ இருக்கும் வாரத்தில் எடுத்தால், உண்மையான குறைவு மறைந்துபோய் 40, 50 என்று சரியாக இருப்பதுபோல் தெரியும். இந்த ஓர் இடத்தில் சி.ஆர்.பி. உண்மையிலேயே உதவும்: ஃபெரிட்டினோடு சேர்த்து எடுத்தால், ஃபெரிட்டினை நம்பலாமா என்று அது சொல்லும். நம் நாட்டில் தலசீமியா மரபணு பரவலாக இருப்பதால் இன்னொரு சிக்கலும் உண்டு. சிவப்பணு சிறுத்திருந்தால் 'உங்களுக்குத் தலசீமியா டிரெய்ட்' என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். ஹீமோகுளோபின் வகைப் பரிசோதனையும் ஃபெரிட்டினும் பார்க்காமல் அப்படி முடிவு செய்யக் கூடாது. இரண்டும் ஒருவருக்கே இருக்கலாம். இரும்பு மாத்திரையை மாதக்கணக்கில் ஒழுங்காக விழுங்கியும் ஹீமோகுளோபின் ஏறவில்லை என்றால், செலியாக் பரிசோதனை கேட்பதற்கு அதுவே போதுமான காரணம்.

சரி, எதைக் கேட்பது? பரிசோதனைத் தாளில் இரண்டே வரி இருந்தால் போதும்: டிடிஜி ஐஜிஏ, மொத்த ஐஜிஏ. டிடிஜி நொதியையே உடல் எதிரியாக நினைத்து எதிரணு (ஆன்டிபாடி) உருவாக்குகிறது என்பது 1997-ல் ஜெர்மனியில் கண்டறியப்பட்டது. அதிலிருந்து பிறந்த பரிசோதனை இது. கோதுமை உண்டுகொண்டிருக்கும் நோயாளிகளில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் இது பிடித்துவிடும். இரண்டாவது வரியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். செலியாக் நோயாளிகளில் 100 பேரில் 2 அல்லது 3 பேருக்கு உடலில் ஐஜிஏ என்ற எதிரணு வகையே இருப்பதில்லை. அவர்களுக்கு டிடிஜி ஐஜிஏ எடுத்தால் 'நெகட்டிவ்' என்றுதான் வரும், நோய் முற்றியிருந்தாலும். மொத்த ஐஜிஏ லிட்டருக்கு 0.07 கிராமுக்குக் கீழே என்று வந்தால் ஐஜிஏ முடிவைத் தூக்கி வைத்துவிட்டு, ஐஜிஜி என்ற வேறு எதிரணு வகையைப் பார்க்கும் டிடிஜி ஐஜிஜி அல்லது டி.ஜி.பி. ஐஜிஜி கேட்க வேண்டும். மொத்த ஐஜிஏ இல்லாமல் வந்த 'நெகட்டிவ்' தாளைப் பாதிப் பரிசோதனை என்றே கொள்ளுங்கள்.

சில தொகுப்புகளில் இன்னும் பழைய கிளியாடின் எதிரணுப் பரிசோதனையைப் போடுகிறார்கள். நலமாக இருப்பவர்களுக்கும் அது பாசிட்டிவாக வருவதால் நோயறிவதற்கு அதைக் கைவிட்டு வெகுகாலமாகிறது. டி.ஜி.பி. என்பது அதன் திருத்திய வடிவம். பெயர் ஒன்றுபோல் இருந்தாலும் இரண்டும் வேறு.

இப்போது அந்த நிபந்தனை. கோதுமையை நிறுத்தினால் எதிரணுக்கள் வாரங்களில் குறையத் தொடங்கி, மாதங்களில் இயல்பு எல்லைக்குள் வந்துவிடும். குடல் விரல்களும் மெல்ல வளரும். அந்த நிலையில் எடுக்கும் இரத்தத்துக்கும் திசுவுக்கும் பொருளில்லை. ஏற்கெனவே நிறுத்திவிட்டவர்கள், மருத்துவர் மேற்பார்வையில், மறுபடியும் கோதுமை உண்ட பிறகே பரிசோதிக்க வேண்டும். வழக்கமாகச் சொல்லப்படுவது நாளொன்றுக்குக் குறைந்தது 3 கிராம் குளூட்டன், முடிந்தால் அதற்கும் மேல், 6 முதல் 8 வாரம். இதைச் சமையலறைக் கணக்கில் சொன்னால்தான் புரியும். மைதா 100 கிராமில் ஏறத்தாழ 8 கிராம் குளூட்டன். ஒரு ரொட்டி சானாய்க்கு (பரோட்டா) 50 கிராம் மாவு என்று வைத்தால் 4 கிராம். 30 கிராம் ஆட்டா மாவில் சுட்ட சப்பாத்தி ஒன்றில் இரண்டரை கிராமுக்குச் சற்றுக் கூட. ஆக, தினமும் ஒரு ரொட்டி சானாயோ இரண்டு சப்பாத்தியோ தவறாமல் உண்டால் அளவு எட்டிவிடும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் நான்கு ரொட்டி உண்டால் எட்டாது. தினசரி என்பதுதான் முக்கியம். சிலருக்கு இரண்டு வாரத்திலேயே தாங்க முடியாத வயிற்றுப்போக்கு வரும். அப்போது பல்லைக் கடித்துக்கொண்டு எட்டு வாரம் ஓட்ட வேண்டியதில்லை. மருத்துவரிடம் சொன்னால் பரிசோதனையை முன்னுக்குக் கொண்டுவருவார். கர்ப்பிணிகளுக்கும் எடை குறைந்துவரும் சிறு குழந்தைகளுக்கும் இந்தச் சோதனையைத் தாமாகச் செய்யவே கூடாது.

கோதுமையை மீண்டும் தொட மனமில்லாதவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. எச்.எல்.ஏ. மரபணுப் பரிசோதனைக்கு உணவோடு சம்பந்தமில்லை. டி.க்யூ.2, டி.க்யூ.8 இரண்டும் இல்லையென்றால் செலியாக் இல்லை என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லிவிடலாம். ஆனால் இருந்தால் நோய் என்று பொருளல்ல. மக்கள்தொகையில் 30 முதல் 40 விழுக்காட்டினருக்கு இவற்றில் ஒன்று இருக்கும். நோய் வருவதோ மிகச் சிலருக்கு. பாசிட்டிவ் தாளைக் கையில் வைத்துக்கொண்டு அஞ்சுகிறவர்களுக்கு இதை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

'நம் தமிழர்களுக்கு இந்த நோய் வருமா, இது வெள்ளைக்காரர் நோயாயிற்றே' என்ற கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். 2016-ல் வெளியான இந்திய ஆய்வொன்றில் செலியாக் வடக்கில் 1.23 விழுக்காடு, வடகிழக்கில் 0.87, தெற்கிலோ வெறும் 0.10. ஆனால் அதே ஆய்வில் டி.க்யூ.2 அல்லது டி.க்யூ.8 மரபணு வடக்கில் 38.1, தெற்கில் 36.4 விழுக்காட்டினருக்கு இருந்தது. கிட்டத்தட்ட ஒரே அளவு. பெரிதும் வேறுபட்டது கோதுமைதான்: வடக்கில் நாளொன்றுக்கு 455 கிராம், தெற்கில் 25 கிராம். மரபணு நம்மிடமும் இருக்கிறது. நம் முன்னோர் தட்டில் கோதுமை குறைவாக இருந்தது. இன்று பினாங்கில் காலையில் ரொட்டி சானாய், மதியம் மீ கோரேங் (வறுத்த கோதுமை நூடுல்ஸ்), மாலையில் பிஸ்கட், இரவில் சர்க்கரை நோய்க்குப் பயந்து சப்பாத்தி என்று உண்பவர் எந்தக் கணக்கில் வருவார்? இதை வைத்து நோய் பெருகிவிட்டது என்று நான் சொல்லவில்லை. மலேசியாவில் நலமாக இருந்த 562 இளைஞர்களிடம் செய்து 2015-ல் வெளியிட்ட ஆய்வில் 1.25 விழுக்காட்டினருக்கு எதிரணு காணப்பட்டது. எதிரணு மட்டுமே நோயாகாது என்றாலும், 'நமக்கு வராது' என்று எந்த மருத்துவரும் கையை விரித்துவிட முடியாது என்பதற்கு இதுவே போதும். பஞ்சாபி உறவு கலந்த குடும்பங்களில் கூடுதல் கவனம் வேண்டும்.

டிடிஜி பாசிட்டிவ் என்று வந்தால் அடுத்தது எண்டோஸ்கோப்பி, அதாவது வாய் வழியே குழாய் விட்டுச் சிறுகுடலிலிருந்து திசுத் துணுக்கு எடுப்பது. அதற்கு முன்பும் கோதுமையை நிறுத்தக் கூடாது. தாளைப் பார்த்த அன்றே நிறுத்திவிட்டு, முறை வரும் வரை இரண்டு மூன்று மாதம் காத்திருந்து போகிறவர்கள்தான் அதிகம். நோய் திட்டுத்திட்டாகப் பரவியிருக்கும் என்பதால் சிறுகுடலின் இரண்டாம் பகுதியிலிருந்து குறைந்தது நான்கு துணுக்கு, தொடக்கக் குமிழிலிருந்து ஒன்றோ இரண்டோ எடுக்க வேண்டும். ஒன்றிரண்டு துணுக்கோடு நிறுத்தினால் நல்ல இடத்திலிருந்தே எல்லாம் வந்துவிடக்கூடும். திசு அறிக்கையில், குடல் சேதத்தைத் தரம் பிரிக்கும் மார்ஷ் அளவுகோலில், மார்ஷ் 3 என்று இருந்தால் குடல் விரல்கள் தேய்ந்துவிட்டன என்று பொருள். மார்ஷ் 1, அதாவது 100 மேல்தோல் செல்லுக்கு 25-க்கு மேல் லிம்ஃபோசைட் இருந்து விரல்கள் சரியாக இருப்பது, தனியாகச் செலியாக்கைக் காட்டாது. ஹெலிகோபேக்டர் கிருமியாலும் வலி மாத்திரைகளாலும் அப்படி வரும்.

விரல்கள் தேய்ந்திருந்து எதிரணு மட்டும் நெகட்டிவ் என்றால் அவசரப்பட்டு ஆயுள் முழுக்கப் பத்தியம் என்று சொல்லிவிடக் கூடாது. ஜியார்டியா ஒட்டுண்ணி, வெப்பமண்டல ஸ்புரூ என்ற சத்து உறிஞ்சல் கோளாறு ஆகியவை நம் பகுதியில் பார்க்க வேண்டியவை. ஸ்புரூ என்றால் ஃபோலிக் அமிலமும் டெட்ராசைக்ளினும் குணப்படுத்திவிடும். இரத்த அழுத்தத்துக்கு ஓல்மெசார்ட்டான் மாத்திரை எடுப்பவர்களுக்கு அசல் செலியாக்கைப்போலவே குடல் தேய்வதுண்டு. மாத்திரையை மருத்துவர் மாற்றித் தந்தால் சரியாகும். உண்ணும் மருந்துகளின் பட்டியலை மறக்காமல் கொண்டுபோங்கள்.

குழந்தைகளுக்கு ஐரோப்பியக் குழந்தைக் குடல்நோய் வல்லுநர்களின் 2020 வழிகாட்டுதல்படி ஒரு சலுகை உண்டு. டிடிஜி ஐஜிஏ இயல்பு எல்லையைப்போல் பத்து மடங்கு அல்லது மேலே இருந்து, வேறொரு நாள் எடுத்த இரத்தத்தில் இ.எம்.ஏ. (எண்டோமைசியல்) என்ற இன்னொரு எதிரணுவும் பாசிட்டிவானால், குழாய் விடாமலே நோயை உறுதி செய்யலாம். பத்து மடங்கு என்பது அந்தந்த ஆய்வுக்கூடத்தின் எல்லையைப் பொறுத்தது. ஒரு கூடத்தில் எல்லை 7, இன்னொன்றில் 20. '120' என்ற வெறும் எண்ணை வைத்து முடிவு சொல்ல இயலாது. எல்லையும் அச்சிட்ட முழுத் தாளையும் பத்திரப்படுத்துங்கள்.

இனி, செலியாக் இல்லாமலே கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்கள். உண்டதும் உப்புசம், வயிற்று வலி, தலைபாரம். எதிரணு நெகட்டிவ், திசு சரி. இதைச் செலியாக் அல்லாத குளூட்டன் ஒத்துக்கொள்ளாமை என்கிறார்கள்; இது அலர்ஜி அல்ல. இவர்கள் படும் அவதி பொய்யல்ல. ஆனால் இதைக் காட்டும் இரத்தக் குறியீடு இன்றைய தேதிக்கு ஒன்றுகூட இல்லை. குடல் சுவர் கசிவைக் காட்டுவதாகச் சொல்லி சோனுலின் பரிசோதனை விற்கப்படுகிறது; சந்தையிலுள்ள கிட்கள் சோனுலினைத்தான் அளக்கின்றனவா என்பதே கேள்விக்குள்ளானது. நூறு, இருநூறு உணவுக்கு ஐஜிஜி எடுத்து, சிவப்பு, மஞ்சள், பச்சை என்று வண்ணம் பூசித் தரும் 'உணவு ஒவ்வாமைப் பட்டியல்' இன்னும் மோசம். ஐஜிஜி என்பது நீங்கள் அந்த உணவை வழக்கமாக உண்கிறீர்கள் என்பதற்கான தடயம். அதை நோயறியப் பயன்படுத்தக் கூடாது என்று ஐரோப்பிய ஒவ்வாமை மருத்துவர் சங்கம் 2008-லேயே சொல்லிவிட்டது. அந்தத் தாளைப் பார்த்துக் குழந்தைக்குப் பால், முட்டை, கோதுமை மூன்றையும் நிறுத்தும் பெற்றோரை நினைத்தால் நெஞ்சு பதறுகிறது. வளரும் பிள்ளையின் எலும்பும் இரத்தமும் அதற்கு விலை கொடுக்கும்.

குளூட்டன் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைப்பவர்களில் பலருக்கு உண்மையான காரணம் குளூட்டனே அல்ல. கோதுமையிலுள்ள ஃபிரக்டான் என்ற மாவுச்சத்து. நார்வேயில் செய்து 2018-ல் வெளியான சோதனையில், தாமாகவே குளூட்டனை ஒதுக்கியிருந்த 59 பேருக்கு, எது எதில் என்று சொல்லாமல் ஒரு வாரம் 5.7 கிராம் குளூட்டன், ஒரு வாரம் 2.1 கிராம் ஃபிரக்டான், ஒரு வாரம் இரண்டுமில்லாதது என்று தின்பண்ட 'பார்' வடிவில் கொடுத்தார்கள். அதிகம் உப்பியது ஃபிரக்டான் வாரத்தில். நம் வீட்டில் இதைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான தடயம் உண்டு. சின்ன வெங்காயமும் பூண்டும் ஃபிரக்டான் நிறைந்தவை. கோதுமையே இல்லாத வெங்காய சாம்பாரும் பூண்டுக் குழம்பும் உண்ட நாளிலும் அதே உப்புசம் வருகிறதென்றால், குளூட்டனைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. அவர்களுக்குச் செலியாக் நோயாளிபோல் துகள் பார்த்து ஒதுக்கும் பத்தியம் தேவையுமில்லை. அளவைக் குறைத்தாலே போதும்.

முறையாகச் செய்ய விரும்புகிறவர்கள், செலியாக்கும் கோதுமை அலர்ஜியும் இல்லை என்று உறுதியான பிறகு, உணவியல் நிபுணர் துணையோடு 6 வாரம் குளூட்டனை நிறுத்தி, வாரந்தோறும் உபாதைக்கு 1 முதல் 10 வரை மதிப்பெண் எழுதிவர வேண்டும். 6 வாரத்தில் முன்னேற்றமில்லை என்றால் அது குளூட்டன் அல்ல, பழையபடி உண்ணலாம். முன்னேற்றம் இருந்தால், எதில் குளூட்டன் என்று தெரியாதபடி ஒரு வாரம் நாளுக்கு 8 கிராம், ஒரு வாரம் ஓய்வு, ஒரு வாரம் வெறும் மாவு என்று கொடுத்துப் பார்ப்பார்கள். 30 விழுக்காடு வேறுபாடு தெரிந்தால்தான் ஒப்புக்கொள்வார்கள். கோதுமை அலர்ஜி என்பது தனி. உண்ட சில நிமிடத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் தடிப்பு, உதடு வீக்கம், மூச்சிரைப்பு வரும். அதற்கு அலர்ஜி எதிரணுவான ஐஜிஇ பரிசோதனை. மூச்சுத் திணறல் வந்தால் வீட்டில் சோதித்துக்கொண்டிருக்காமல் அவசரப் பிரிவுக்கு ஓட வேண்டும்.

செலியாக் உறுதியானவருக்கு மருந்து பத்தியம் ஒன்றுதான், அது ஆயுளுக்கும். நாளொன்றுக்கு 10 மில்லிகிராம் குளூட்டன் வரை பெரும்பாலோர் தாங்குவர். 50 மில்லிகிராம் தொடர்ந்து உண்டால் குடல் மறுபடி தேயும். 10 மில்லிகிராம் என்பது கோதுமை மாவில் ஒரு கிராமின் எட்டில் ஒரு பங்கு. இரண்டு விரலால் கிள்ளும் சிட்டிகை அதைவிட அதிகம். அதனால்தான் 'ரொட்டி சாப்பிடுவதில்லை, இருந்தும் டிடிஜி இறங்கவில்லை' என்கிறவர்களின் சமையலறையைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

அங்கே முதலில் பார்க்க வேண்டியது பெருங்காய டப்பா. கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத் தூள் பலவற்றில் பிசினோடு கோதுமை மாவு கலந்திருக்கும். கால் தேக்கரண்டியில் பாதி மாவு என்று வைத்தாலும் ஒரு சட்டிக் குழம்பில் 20, 30 மில்லிகிராம் குளூட்டன் இறங்கிவிடும். நான்கு பேர் பங்கிட்டால் தலைக்கு 5 முதல் 8 மில்லிகிராம். சாம்பார், ரசம், மோர், பொரியல் என்று ஒரே நாளில் எல்லாவற்றிலும் போட்டால் எல்லை தாண்டும். அரிசி மாவு கலந்ததும், கலப்பில்லாத கட்டிப் பெருங்காயமும் கிடைக்கின்றன. லேபிளைப் பார்த்து வாங்கினால் தீர்ந்தது.

அடுத்தது தோசைக்கல். அரிசியும் உளுந்தும் அரைத்த தோசையில் குளூட்டன் இல்லை. ஆனால் கடையில் ரொட்டி சானாய் புரட்டிய அதே கல்லில், அதே கரண்டியால், மாவு ஒட்டிய எண்ணெய்த் துணியால் துடைத்துவிட்டுத் தோசை ஊற்றுகிறார்கள். முறுகலுக்காக மாவில் மைதா சேர்ப்பதும் உண்டு. ரவா தோசை என்றால் கேட்கவே வேண்டாம். கடையில் உண்பதானால் தனியாக வெந்து வரும் இட்லி, புட்டு மாயம் (இடியாப்பம்) நல்லது. வீட்டில் சப்பாத்திக்கு ஒரு கல், தோசைக்கு ஒரு கல் என்று பிரித்துவிடுங்கள். சல்லடையும் பூரிக்கட்டையும் கழுவினாலும் மாவு விடாது.

மைலோவில் பார்லி மால்ட் இருக்கிறது, ஹார்லிக்ஸில் கோதுமையும் பார்லியும் இருக்கின்றன. சோயா கிச்சாப் பெரும்பாலும் கோதுமை சேர்த்துப் புளிக்கவைத்தது. குவே தியாவும் பீஹூனும் அரிசி நூடுல்ஸ்தான் என்றாலும் கிச்சாப் ஊற்றி வறுத்தால் ஆகாது. சைவ உணவுக் கடையிலும் விசேஷ வீட்டிலும் பரிமாறும் 'சைவ இறைச்சி' வகைகளில் பல, கழுவி எடுத்த சுத்தக் குளூட்டனே. சேமியா, ரவை கேசரி, பிஸ்கட் தூள் என்று இனிப்புகளிலும் பார்க்க வேண்டும். கேழ்வரகு, கம்பு, தினை, சோளம், மரவள்ளி எல்லாம் பாதுகாப்பானவை, அரைக்கும் இயந்திரத்தில் கோதுமை போகாதவரை. ஓட்ஸில் கோதுமை கலப்பு சகஜம். 'குளூட்டன் இல்லாதது' என்று குறிப்பிட்டதை மட்டும் வாங்கலாம். சர்வதேச அளவுகோலில் அப்படிக் குறிப்பிட கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது. மலேசிய உணவு ஒழுங்குமுறை 1985-ன்படி கோதுமை, பார்லி, ரை, ஓட்ஸ் இருந்தால் பொட்டலத்தில் அறிவிக்க வேண்டும். மலாய் லேபிளில் 'கண்டும்' (gandum, கோதுமை), 'பார்லி', 'மால்ட்' ஆகிய மூன்று சொற்களையும் வீட்டில் சமைக்கும் எல்லாருக்கும் காட்டிவையுங்கள். எடை போட்டு உதிரியாக விற்கும் முறுக்குக்கும் மசாலாத் தூளுக்கும் லேபிளே கிடையாது. அவற்றை வீட்டில் அரைப்பதுதான் வழி.

பத்தியம் சரியாக நடக்கிறதா என்று பார்க்க 6 மாதத்தில் ஒரு டிடிஜி, 12 மாதத்தில் ஒன்று, பிறகு ஆண்டுக்கொரு முறை. எண் படிப்படியாக இறங்க வேண்டும். இறங்கி மறுபடி ஏறினால் எங்கோ குளூட்டன் நுழைகிறது. இயல்புக்கு வந்தாலும் குடல் முழுதாக ஆறிவிட்டது என்று சொல்ல முடியாது: அமெரிக்க ஆய்வொன்றில் பெரியவர்களில் இரண்டு ஆண்டில் மூன்றில் ஒரு பங்கினருக்கும், ஐந்து ஆண்டில் மூன்றில் இரண்டு பங்கினருக்கும்தான் திசு ஆறியிருந்தது. ஃபெரிட்டின், பி12, ஃபோலேட், வைட்டமின் டி, தைராய்டு ஆகியவற்றையும் கூடவே பார்க்கச் சொல்லுங்கள். இங்கும் சி.ஆர்.பி. எதையும் சொல்லாது.

கடைசியாக, ஒருவருக்கு உறுதியானால் அவருடைய பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் எல்லாரும் உபாதை இல்லாவிட்டாலும் ஒரு முறை டிடிஜி ஐஜிஏவும் மொத்த ஐஜிஏவும் எடுக்க வேண்டும். அவர்களில் நூற்றுக்கு ஏழு முதல் பத்துப் பேருக்கு நோய் இருக்கலாம். ஒரே வீட்டில் சமைப்பதால், நோயாளியோடு சேர்ந்து குடும்பமே கோதுமையை விட்டுவிடுவது இயல்பாக நடக்கும். அப்படி விடுவதற்கு முந்தைய வாரமே எல்லாரும் ஒன்றாகக் கிளினிக்குக்குப் போய் இரத்தம் கொடுத்துவிடுங்கள். பிள்ளைகளுக்கு முதல் முறை நெகட்டிவ் என்றால் இரண்டு மூன்று ஆண்டுக்கொரு முறை திரும்பப் பார்க்க வேண்டும், எச்.எல்.ஏ. பரிசோதனையில் இரண்டு மரபணுவும் இல்லாத பிள்ளைக்கு அந்த ஊசியும் தேவையில்லை.

இப்படிக்கு,
மருத்துவ ஆய்வுக்கூடப் பணியாளர்,
ஜெலுத்தோங், பினாங்கு